முன்சீட்டில் மாவு

ஓட்ஸின் மேல் கொதிநீர் ஊற்றினால்
முதலில் ஒரு மணம் வரும்,
நனைந்த வைக்கோலும் நாய்க்குட்டியும் கலந்தது போல.
பிறகு அது கஞ்சியாகித் தூங்கிவிடும்.
அதில் வெண்ணெய் ஒரு கட்டி,
கறுத்த கரும்புப்பாகு அரைக் கோப்பை.
டப்பா விளிம்பில் வழிவதை விரலால் வழித்தால்
அது சமைப்பவளின் கூலி.

ஆறட்டும்.
இதுதான் என்னால் ஆகாதது.
கைச்சூட்டுக்கு மேல் கொஞ்சம் போனாலும்
ஈஸ்ட் செத்துப்போகும், சத்தமே இல்லாமல்.
மூன்று தடவை கொன்றிருக்கிறேன்.
மூன்று தடவையும் வாத்துகளுக்குச் செங்கல் போட்டேன்.

இன்று பொறுத்தேன்.
சுண்டுவிரலை விட்டு, எடுத்து, விட்டு,
ஜன்னலில் கேப் பிரெட்டன் முழுவதும்
வெள்ளையாய்ப் பக்கவாட்டில் பறப்பதைப் பார்த்துக்கொண்டு
பொறுத்தேன்.
ஈஸ்ட்டும் மாவும் சேர்த்துப் பிசைந்து
உருட்டிக் கிண்ணத்தில் போட்டுத் துணி மூடியபோது
பிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
விளக்கு, அடுப்பு, சுவரோர ஹீட்டர்,
எல்லாம் கூடவே.

கம்பம் எங்கே விழுந்ததோ.
வீடு குளிரக் குளிர
மாவு முகம் சுருக்குவது தெரிந்தது.
பொறுத்ததெல்லாம் வீணா?
கிண்ணத்தைக் கோட்டுக்குள் அணைத்து
ட்ரக்குக்கு ஓடினேன்.
புகைக்குழாய் வாயில் பனியைத் தோண்டிவிட்டு
ஹீட்டரை முடுக்கி
முன்சீட்டில் உட்கார வைத்துப்
பெல்ட்டும் போட்டேன்.
சிரிக்காதீர்கள். போடாவிட்டால்
வண்டி கீச்சுக்கீச்சென்று கத்தும்.

ரேடியோவில் மூடிய பள்ளிகளின் பட்டியல்.
நானும் மாவும் கேட்டோம்.
மூன்றாம் முறை பட்டியல் வந்தபோது
துணி மேலே எழுந்திருந்தது,
மல்லாந்து தூங்குபவனின் வயிறு போல.
பெட்ரோல் முள் கால்வாசிக்குக் கீழே.

பொங்கிவிட்டது. சுடுவது எங்கே?

இந்த வளைவில் விறகடுப்பு ஒன்றே ஒன்று,
ஹெக்டருடையது.
அவன் அறுத்த ஸ்ப்ரூஸ் என் வேலிமேல் விழுந்து
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
விழவில்லை, சாய்ந்தது என்கிறான்.
என்கிறானாம். நேரில் சொல்ல
எங்களுக்குள் பேச்சில்லை.
தபால்பெட்டியருகே எதிர்ப்பட்டால்
இருவரும் வானத்தைப் பார்ப்போம்.

அவன் புகைக்கூண்டிலிருந்து புகை
காற்றில் படுத்துக்கொண்டு என் பக்கமாகவே வந்தது.
மானம் பெரிதா மாவு பெரிதா என்று
முழங்கால் பனியில் யோசித்துக்கொண்டே நடந்தேன்.
பாதி வழியில்தான் தெரிந்தது,
கால்கள் யோசிக்கவில்லை.

கதவைத் திறந்தான்.
என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தான்.
“ஒரு டின்னா, ரெண்டா?”
“ரெண்டு.”
“கதவைச் சாத்து, மர்டீனா. சூடு போகுது.”

அடுப்புக்குள் கையை விட்டு எண்ணினான்.
இருபது வரை தாங்கினால் சரியான சூடாம்.
பதினாறில் இழுத்துக்கொண்டு
ஒரு கட்டையை வெளியே எடுத்தான்.
ஸ்ப்ரூஸ்.
எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.

டின்னில் மறுபடி பொங்க அரைமணி,
வேக முக்கால் மணி.
பேச ஒன்றும் இல்லாததால் சுவரை வாசித்தேன்.
காலண்டர் போன வருஷத்து மே மாதத்திலேயே நின்றிருந்தது.
அந்த மாதம்தான் எஃபியை எடுத்துப் போனார்கள்.
ஊரே மூடிய தட்டுகளோடு வந்தது.
நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
கார்களை எண்ணினேன்.
பதினொன்று.

அடியில் தட்டினால் காலிப்பெட்டி போல் ஒலித்தது.
ஆறும்வரை வெட்டக்கூடாது.
வெட்டினோம்.
ஓரத்துண்டைக் கடித்தான், மென்றான்,
மென்றுகொண்டே இருந்தான்.
நானும் கடித்தேன்.

உப்பு.
பாகை நக்கிய விரல்
உப்பு டப்பாவைத் தொடவே இல்லை.

ஒன்றும் சொல்லாமல் எழுந்தான்.
காது உடைந்த கோப்பையில் கல்லுப்பு.
முதலில் என் துண்டில்,
பிறகு தன்னுடையதில்,
இரண்டு விரலால் நசுக்கித் தூவினான்.

இனி எப்படி இந்த ஆளோடு பேசாமல் இருப்பது?
உப்புப் போட்டுவிட்டானே.

இரண்டாவது ரொட்டியை எஃபியின் டின்னிலேயே விட்டு வந்தேன்.
வேலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
விழுந்ததா சாய்ந்ததா,
பனி கரையட்டும், பார்த்துக்கொள்ளலாம்.